பரங்கிமலைச் சிலுவையும் நான் படித்த ஒரு பத்திரமும்

தாம்பரம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மின்சார ரயிலில் பரங்கிமலை ஸ்டேஷனைக் கடந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. மலைக்கு மேலே போனது மட்டும் போன மாதம்தான். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். அவற்றைக் கட்டிக் கொடுத்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவரும் இவரே. என் முழங்கால்கள் அவரை வாழ்த்தவில்லை. ஆட்டோ மேலே வரை போகும் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மேலே உள்ள சின்னக் கோயிலே ஒரு அருங்காட்சியகம் மாதிரிதான். புனித லூக்கா வரைந்ததாக நம்பப்படும் மாதா படம், தோமையாரின் எலும்புத் துண்டு என்று போற்றப்படும் திருப்பண்டம், பீடத்தில் கல்லில் செதுக்கிய சிலுவை. நான் அதிக நேரம் நின்றது அந்தச் சிலுவை முன்னால்தான்.

1547-இல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டும்போது அது கிடைத்தது. 1558-இல் பூசை நேரத்தில் அதில் ரத்தம் கசிந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். சிலுவையைச் சுற்றி ஒரு வரி எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. விஜயநகர நாட்டு அந்தணர் ஒருவரை அழைத்தார்கள். அவர் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழு வாக்கியம் என்று சொல்லி, தோமையார் வரலாற்றையே வாசித்துக் காட்டினார். இன்னொருவரைக் கேட்டபோது அவரும் அதையே சொன்னாராம். அழைத்தவர்கள் எதைக் கேட்க ஆசைப்பட்டார்களோ, அதுவே கல்லிலும் இருந்துவிட்டது!

முந்நூறு வருஷம் கழித்து, 1873-இல், அது பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து என்று பர்னெல் துரை எடுத்துக்காட்டினார். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த அதே பர்னெல். கோட்டயம் வலிய பள்ளியிலும் இதே வாசகம் கொண்ட சிலுவைகள் உண்டு. வாசகத்தின் பொருள் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பலரும் எடுத்துச் சொல்லும் ஒரு வாசிப்பின்படி, சிலுவையைச் செதுக்கிய ஒரு மனிதர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி இரக்கம் கேட்கிறார். அவ்வளவுதான்.

அந்த அந்தணரை நினைத்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எண்பதுகளில், வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு வீட்டுத் தகராறு ஃபைலோடு பழைய பிரெஞ்சுப் பத்திரம் ஒன்று வந்தது. "நீங்கதான் பிரெஞ்சு படிச்சவராச்சே" என்று என் மேஜையில் வைத்தார்கள். ஒரு இடத்தில் மை பரவி இரண்டு வார்த்தை அழிந்திருந்தது. தெரியவில்லை என்று எழுத வெட்கம். வீடு மூத்த மகனுக்கு என்று நானாக நிரப்பி, மொழிபெயர்ப்புச் சரி என்று கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த பிரதி புதுச்சேரியிலிருந்து வர நாலு மாதம் ஆயிற்று. அதில், விதவைத் தாயார் உயிரோடு இருக்கும்வரை வீட்டின் அனுபவ பாத்தியதை அவருக்கே என்று தெளிவாக இருந்தது. அந்த நாலு மாதமும் அந்த அம்மாள் தங்கை வீட்டுத் திண்ணையில் இருந்தார். திருத்திய உத்தரவை வாங்க வந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "படிக்க முடியலைன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே, சார்?"

நான் பதில் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இன்று அவர் இருக்க மாட்டார்.

பீடத்தின் முன் நின்றபோது அந்தக் குரல்தான் கேட்டது. கல்லில் செதுக்கியவராவது தன் பெயரைப் போட்டு இரக்கம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாற்பது வருஷம் தாமதித்து நானும் இங்கே எழுதி வைக்கிறேன்.

போக நினைப்பவர்கள் காலையில் வெயிலுக்கு முன்னால் போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆட்டோவில் போங்கள். உஸ்கான் கோபித்துக்கொள்ள மாட்டார்.