போர்ச்சுக்கல் தாதும் ஜெர்மன் லேத் பட்டறையும்

இரண்டாம் உலகப்போரின்போது போர்ச்சுக்கலின் பெய்ரா மலைப்பகுதியில் விவசாயிகள் உழவைப் போட்டுவிட்டு வொல்ஃப்ராம் தோண்டப் போனார்கள். டங்ஸ்டன் கிடைக்கும் அந்தக் கறுத்த தாதின் விலை, 1940க்கும் 1942க்கும் இடையே பல மடங்கு ஏறியிருந்தது. டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் குண்டுக்காகவே நாடுகள் இப்படி ஆலாய்ப் பறந்தன என்று சொல்வது வழக்கம். இதில் உண்மை கால்வாசிதான். விலையை ஏற்றிவிட்டது போர்முனையைவிட லேத் பட்டறை.

டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். வேறெந்த உலோகமும் அவ்வளவு சூடு தாங்காது. எஃகில் அதைக் கலந்து தானாகவே கடினமாகும் வெட்டுக் கருவியை 1868இல் இங்கிலாந்தில் ராபர்ட் மஷெட் செய்தார். டெய்லர், வைட் என்ற இரு அமெரிக்கர்கள் பக்குவப்படுத்திய கருவி, 1900 பாரிஸ் கண்காட்சியில் முனை சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவியது. அதையும் மிஞ்சியது கார்பைடு. மின்விளக்குக்கான டங்ஸ்டன் இழையை வைர அச்சில் இழுப்பது கட்டுப்படியாகாததால், ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு அழுத்திச் சுட்டு, 1923இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வீட்டு விளக்குக்காகப் பிறந்த பொருளை க்ருப் ஆலை 1926இலேயே ‘விடியா’ என்ற பெயரில் கடைசல் கருவியாக்கியது. ஒரு லேத் பல லேத்துகளின் வேலையைச் செய்தது. விமான எஞ்சினும் பீரங்கிக் குழலும் அந்த வேகத்தையே நம்பியிருந்தன.

ஜெர்மனியிடம் சொந்தத் தாது மிகக் குறைவு. சைபீரிய ரயிலில் வந்த சீனச் சரக்கு 1941 ஜூனில், ரஷ்யாமீது ஜெர்மனியே படையெடுத்ததும், நின்றது. மிஞ்சியவை ஸ்பெயினும் போர்ச்சுக்கலும். பனஷ்கேரா என்ற பெரிய சுரங்கம் பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையில். வேறு சில சுரங்கங்கள் ஜெர்மானியர் வசம். நேசநாடுகள் தேவைக்கு மேலும் வாங்கிக் குவித்தன, எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காக. போர்ச்சுக்கலை ஆண்ட சலாசார் இரு தரப்புக்கும் விற்றார். ஜெர்மன் தங்கம் லிஸ்பனுக்கு வந்ததற்கு இந்த வியாபாரம் முக்கியக் காரணம்.

கார்பைடு உள்ளீடு வைத்த ஜெர்மன் குண்டுகள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன, நன்றாகவே துளைத்தன. ஆனால் தட்டுப்பாடு வந்ததும் ஜெர்மனி எதைக் கைவிட்டது என்று பார்க்க வேண்டும். அந்தக் குண்டுகளின் உற்பத்தியைத்தான் சுருக்கியது. அவற்றையே நம்பிய சிறு பீரங்கியின் உற்பத்தி 1943இல் நின்றது. கருவிகளுக்கான டங்ஸ்டன் காப்பாற்றப்பட்டது. குண்டை ஒருமுறை சுட்டால் போயிற்று. கருவியைத் தீட்டலாம், தேய்ந்ததை மீட்டு உருவாக்கலாம்.

இன்னொரு மறுப்பு வலுவானது. 1944 ஜூனில் போர்ச்சுக்கல் ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கடுத்த மாதம்தான் ஜெர்மன் ஆயுத உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. அப்படியானால் டங்ஸ்டன் அவ்வளவு முக்கியமா? முக்கியம் என்பதால்தான் முன்கூட்டியே சேமித்தார்கள், எஃகில் அதன் அளவைக் குறைத்து வனேடியத்தைச் சேர்த்தார்கள். கையிருப்பு ஓடும்வரை லேத்துகளும் ஓடின. தடையின் முழு விளைவு தெரிவதற்குள், குண்டுவீச்சும் நேசப்படைகளின் முன்னேற்றமும் அந்த ஆலைகளையே முடக்கிவிட்டன.