1409: ஒரே ஆண்டு, ஒரே கல், மூன்று மொழிகள்



சரித்திரம் என்றாலே ஆண்டுகளை மனப்பாடம் செய்கிற பாடம் என்று பிள்ளைகள் சலித்துக் கொள்வதுண்டு. "இத்தனை வருஷத்தையும் யாரு சார் ஞாபகம் வெச்சிக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே இம்மலரில் ஒரே ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது 1409. அந்த ஓராண்டில் ஐரோப்பாவில் என்ன நடந்தது, நம் மலாக்காவில் என்ன நடந்தது, நம் தமிழுக்கு என்ன பெருமை வந்தது என்று ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் ஐரோப்பா. பொகீமியா நாட்டுப் பிராக் நகரத்தில் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. அங்கே செக் இனத்தாருக்கு ஒரு வாக்கு, மற்ற மூன்று பிரிவினருக்கு மூன்று வாக்கு என்று வழக்கம். 1409 ஜனவரி 18ஆம் நாள் மன்னர் வென்செஸ்லாஸ் அதைத் தலைகீழாக மாற்றினார். செக் பிரிவுக்கு மூன்று வாக்கு, மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று! கோபம் கொண்ட ஜெர்மானிய ஆசிரியர்களும் மாணவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த லைப்சிக் நகரில், அதே ஆண்டு டிசம்பரில் புதிய பல்கலைக்கழகம் தோன்றியது. இனச் சண்டையில் ஒரு கல்விக்கூடம் இரண்டாகிப் போனது.

மதத்திலும் அப்படித்தான். கத்தோலிக்கத் திருச்சபைக்கு அப்போது இரண்டு போப்பாண்டவர்கள். ரோமாபுரியின் சார்பில் ஒருவர், அவிஞோன் சார்பில் மற்றொருவர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டுமென்று 1409 மார்ச்சில் இத்தாலியின் பீசா நகரில் பெரிய சபை கூடியது. இருவரையும் நீக்கிவிட்டோம் என்று அறிவித்து, ஜூன் மாதத்தில் ஐந்தாம் அலெக்ஸாண்டர் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். என்ன ஆச்சு தெரியுமா? பழைய இருவரும் விலக மாட்டேன் என்றுவிட்டார்கள்! இரண்டு போப் மூன்று போப் ஆனார்கள். அந்தப் பிளவு தீர 1417 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி நம் பக்கம் வருவோம். பரமேஸ்வரா மலாக்காவைத் தோற்றுவித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சின்னஞ்சிறு துறைமுகம். சயாமுக்கு ஆண்டுதோறும் 40 லியாங் பொன் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. 1409இல் மிங் பேரரசர் யோங்லேயின் ஆணைப்படி, கடற்படைத் தலைவர் செங் ஹோ வழியாக மலாக்காவின் தலைவருக்கு வெள்ளி முத்திரைகளும் தலைப்பாகையும் இடைக்கச்சையும் அங்கியும் வழங்கப்பட்டன என்று, செங் ஹோவுடன் பயணம் செய்த மா ஹுவான் எழுதி வைத்திருக்கிறார். அன்று முதல் மலாக்கா தனி நாடாக மதிக்கப்பட்டது. நம் பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் மலாக்காவின் புகழுக்கு இந்த ஆண்டு ஒரு முக்கியமான படி.

அதே செங் ஹோவின் பயணத்தில்தான் தமிழும் வருகிறது. 1409 பிப்ரவரி மாதத் தேதியிட்டுச் சீனாவில் ஒரு கல்வெட்டு தயாரானது. உயரம் ஏறக்குறைய ஐந்தடி; தலைப்பகுதியில் இரண்டு டிராகன்கள். கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீன மொழிப் பகுதி புத்தர் பெருமானைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாம் மார்க்கத்தைச் சார்ந்தது. தமிழ்ப் பகுதியோ தெனாவரை நாயனார் என்ற திருமாலைப் போற்றுகிறது. இலங்கையின் தென்கோடியில் தெவிநுவரையில் அவருக்குப் பெரிய கோயில் இருந்தது. 1588இல் போர்த்துகீசியர் அதை இடித்துவிட்டார்கள். பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மூன்று மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்ற பேச்சே இல்லை.

உடனே, "ஐரோப்பியர் சண்டைக்காரர், ஆசியர் சாதுக்கள்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. செங் ஹோவின் கப்பல்களில் காணிக்கையோடு போர்வீரர்களும் இருந்தார்கள். 1411இல் இலங்கையில் சண்டை மூண்டு, அங்கே அதிகாரம் செலுத்திய அழகேஸ்வரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். சரித்திரத்தை முழுசாகத்தான் படிக்க வேண்டும். நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளக் கூடாது.

இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. சீனப் பேரரசருக்குத் தமிழில் எழுத வேண்டிய அவசியம் என்ன? தமிழ் மேல் பாசமா? இல்லை. அந்தக் கடல்வழியில் தமிழ் தேவைப்பட்டது. சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281இல் தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலுக்குக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கப்பல் ஓட்டினார்கள், கணக்கு எழுதினார்கள், சாமி கும்பிட்டார்கள். எல்லாவற்றையும் தமிழிலேயே செய்தார்கள். அதனால்தான் பேரரசரும் தமிழில் பேச வேண்டியதாயிற்று.

பிறகு அந்தக் கல் என்ன ஆயிற்று? 1911இல் காலி நகரில் ஒரு பொறியாளர் அதைக் கண்டெடுத்தார். எங்கே தெரியுமா? சாலைக்கு அடியில், வடிகால் மதகின் மேல் மூடிக் கல்லாகக் குப்புறக் கிடந்தது! படிக்கத் தெரியாதவர்களுக்கு அது வெறும் பலகைக்கல்தானே? எழுத்துப் பக்கம் கீழே இருந்ததால் பெரும்பகுதி பிழைத்தது. பாரசீகப் பகுதிதான் அதிகம் சிதைந்திருக்கிறது. இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெற்றோர்களே, "தமிழ் படிச்சா சோறு போடுமா?" என்று நம்மில் சிலர் கேட்கிறோம். 1409ஆம் ஆண்டுக் கல் சொல்லும் பதில் இதுதான்: புழங்குகிறவன் இருக்கும்வரை பேரரசனும் ஒரு மொழியை மதிப்பான், புழக்கம் நின்றால் அதே எழுத்து வடிகாலுக்கு மூடியாகும். கமுந்திங் கடைத்தெருவில் ஒரு நடை போனாலே மலாய், சீனம், தமிழ் மூன்றும் காதில் விழுகின்றன. அந்தக் கல்லைப் போலத்தான் நாமும் பல மொழிகளுக்கு நடுவே வாழ்கிறோம். மற்ற மொழிகளையும் நன்றாகப் படியுங்கள். நம் வரியை மட்டும் நாமே அழித்துவிட வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசாகக் கிடைக்கும் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். வீட்டுச் சாமான் கணக்கையாவது, தாத்தா பாட்டிக்கு ஒரு கடிதத்தையாவது தமிழில் எழுதிப் பழகுங்கள். நாளைக்கு யாராவது குப்புறக் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டினால், அதைப் படிக்க உங்களில் ஒருவர் இருக்க வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!