ஆஞ்சைனா சிகிச்சை: மாத்திரை, ஸ்டென்ட், பைபாஸ்

இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் போதாதபோது நெஞ்சில் உண்டாகும் இறுக்கமே ஆஞ்சைனா. படி ஏறும்போது வந்து, நின்றதும் அடங்கினால் அது நிலையான வகை. இந்த வகைக்கு முதல் சிகிச்சை மருந்துதான். 1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அறிமுகப்படுத்திய நைட்ரோகிளிசரின் (டைனமைட்டில் இருப்பதும் இதுவே) இன்றும் கைகொடுக்கிறது. அது நாளங்களை விரித்து இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. ரத்த அழுத்தமும் சட்டென இறங்கும் என்பதால், மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். பீட்டா தடுப்பான்கள் துடிப்பைத் தணித்து வலியைத் தடுக்கின்றன. ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் வலிக்கானவை அல்ல; மாரடைப்பைத் தவிர்ப்பதற்கானவை.

குழாயில் அடைப்பு இருந்தால் அதை நீக்குவதுதானே முறை என்று கேட்கலாம். ஆனால் இதயத் தமனி வெறும் குழாய் அல்ல. பெரிதாகக் குறுக்காத கொழுப்புப் படிவு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்தும் மாரடைப்பு வரும். தமனிக்குள் வைக்கும் ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயோ குறுகிய இடத்தை மட்டுமே விரிக்கிறது. 2007இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேர், 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர். மருந்தோடு ஸ்டென்ட் போன்ற சிகிச்சையையும் முதலிலேயே செய்வதால் உயிரிழப்பு குறைந்ததாக இரண்டிலும் தெரியவில்லை.

ஸ்டென்ட் வைத்தவர் சுகமாக நடக்கிறாரே என்பது அடுத்த கேள்வி. ஆனால் சிகிச்சை பெற்றோம் என்ற நம்பிக்கையாலேயே வலி குறையலாம். 1959இல் சியாட்டிலில் 17 நோயாளிகளுக்கு, ஆஞ்சைனா வலிக்காக மார்பின் உட்புறத் தமனியைக் கட்டும் அறுவையைச் சோதித்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். அவர்களுக்கும் வலி அதே அளவு குறைந்தது. (அன்று வீணாகக் கட்டப்பட்ட அதே தமனிதான் இன்று, அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு வழி அமைக்கும் பைபாஸ் அறுவையில் சிறந்த மாற்றுப்பாதை.) 2017இல் பிரிட்டனின் ஆர்பிட்டா ஆய்வில், மருந்து எடுத்துவந்த 200 பேரில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பாவனைச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் டிரெட்மில்லில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்காக ஸ்டென்ட்டையே ஏமாற்று என்று சொல்வது தவறு: 2023இல், வலி மருந்துகளை நிறுத்திய 301 பேரிடம் நடந்த ஆர்பிட்டா-2 ஆய்வில் ஸ்டென்ட் வலியைத் தெளிவாகக் குறைத்தது. ஆகவே மருந்துக்கு அடங்காத வலிக்கும், மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கும் அது உரியது.

இடது பிரதான தமனியில் அடைப்பு இருந்தால் கணக்கு வேறு. அங்கே பைபாஸ் ஆயுளை நீட்டிக்கிறது. பல தமனிகள் அடைபட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸே மேல் என்று 1,900 பேரிடம் நடத்திய ஃப்ரீடம் ஆய்வு 2012இல் காட்டியது. ஓய்விலும் வரும் வலி, மாத்திரை வைத்தும் சில நிமிடங்களில் அடங்காத வலி ஆகியவை நிலையான ஆஞ்சைனா அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.