அச்சுக்கூடம் முதல் சர்வர் வரை: நம் எழுத்து யார் வீட்டில் குடியிருக்கிறது?

தலித்துகளின் கைக்கு எழுத்து நேற்றுதான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1869-லேயே திருவேங்கடசாமி பண்டிதர் 'சூரியோதயம்' இதழை நடத்தினார். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. ஏன் சொந்த இதழ்? 1920-ல் மராத்தியில் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, அதன் விளம்பரத்தைக் காசு கொடுத்தும் 'கேசரி' வெளியிட மறுத்தது. அடுத்தவர் பத்திரிகையில் நமக்கு இடமில்லை என்பது அன்றைய அனுபவம்.

வெளியிடுவது ஒரு போராட்டம் என்றால், அதைக் காப்பாற்றுவது இன்னொரு போராட்டம். பண்டிதர் 1914-ல் மறைந்தார். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் 'தமிழன்' பழைய இதழ்களைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதனால்தான் 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து நூல்களாக வர முடிந்தது. 'பறையன்' இதழுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதன் முழுத் தொகுப்பு இன்று நம்மிடம் இல்லை.

இந்த வரலாற்றை விழுப்புரத்தில் உட்கார்ந்து படிக்கும்போது இன்னும் உறைக்கிறது. 1978 ஜூலையில் இந்த ஊரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அன்று ஒரு படம் எடுக்கவும் கேமரா வைத்திருப்பவர் வர வேண்டும். இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வன்கொடுமை நடந்தால் செல்போன் வீடியோ, எஃப்.ஐ.ஆர். நகல், ஆட்சியரிடம் கொடுத்த மனு, உண்மை அறியும் குழுவின் அறிக்கை எல்லாம் நம்மிடம் சேர்கின்றன. அவற்றை எங்கே வைக்கிறோம்? இலவச சமூக வலைத்தளங்களில். 2009-ல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 2014-ல் ஆர்குட் மூடப்பட்டது. அங்கே எழுதியவர்களைக் கேட்டு யாரும் மூடவில்லை.

இதற்கு ஒரு மாற்றுதான் வி.பி.எஸ்., அதாவது விர்ச்சுவல் பிரைவேட் சர்வர். நம் இணையதளம் எப்போதும் இயங்கும் ஒரு கணினியில் இருக்க வேண்டும். அதுதான் சர்வர். மலிவான 'ஷேர்டு ஹோஸ்டிங்' என்பது ஒண்டுக்குடித்தனம். கிணறும் கழிப்பறையும் பொது. பக்கத்து வீட்டில் கூட்டம் சேர்ந்தால் நமக்குத் தண்ணீர் இருக்காது. முழுக் கணினியையும் வாடகைக்கு எடுப்பது தனி வீடு. அதற்குச் செலவு அதிகம். வி.பி.எஸ். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு.

டேட்டா சென்டரில் இருக்கும் ஒரு பெரிய கணினியை 'ஹைப்பர்வைசர்' என்ற மென்பொருள் பல கணினிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு பிராசசர், இவ்வளவு ராம், இவ்வளவு டிஸ்க் என்று பங்கு வைக்கிறது. நம் பங்கில் நாமே லினக்ஸ் போடலாம், தனி ஐ.பி. முகவரி கிடைக்கும், 'ரூட்' என்ற முழு அதிகாரமும் நமக்கே. திண்டிவனத்தில் ஒரு லேப்டாப்பில் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் அந்தக் கணினியை நடத்தலாம். அதைப் புதுப்பிப்பதும் பாதுகாப்பதும் நம் வேலைதான்.

இந்த யோசனை 1960-களில் பிறந்தது. கணினி கோடிகளில் விற்ற காலத்தில், ஒன்றையே பலர் பகிர ஐ.பி.எம். இந்த முறையை உருவாக்கியது. 2003-ல் ஜென், 2007-ல் லினக்ஸுக்குள் கே.வி.எம். என்ற இலவச மென்பொருள்கள் வந்தபின் சிறு அமைப்புகளுக்கும் இது எட்டியது.

ஆனால் வாடகை வீடு வாடகை வீடுதான். சாதி கேட்டு வீடு மறுக்கும் ஊரில் வாழும் நமக்கு வீட்டுக்காரரின் அதிகாரம் தெரியும். சர்வர் சாதி கேட்பதில்லை, விவரம் கேட்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, வி.பி.எஸ். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், எதற்காக எடுக்கிறார் என்ற காரணம் முதலியவற்றை குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் அரசு ஒரு தளத்தை முடக்கவும் முடியும். மொத்தக் கட்டடத்தின் சாவி நிறுவனத்திடம் இருப்பதால், டிஸ்க்கில் இருப்பதை அவர்களால் எட்ட முடியும்.

ஆகவே சாட்சிகளின் பெயர், பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளம் எதையும் அங்கே திறந்தபடி வைக்கக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். டொமைன் பெயரை ஒரு நிறுவனத்திடமும் சர்வரை வேறொரு நிறுவனத்திடமும் வாங்குவது நல்லது. ஒருவர் விரட்டினாலும் முகவரி நம்மிடமே இருக்கும். சர்வரில் உள்ளதன் நகல் ஒன்று விழுப்புரத்தில் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று திண்டிவனத்தில் வேறொரு தோழரிடம் இருக்கட்டும். கடவுச்சொல் ஒரே ஆளின் தலையில் மட்டும் இருக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் கணினி படிக்கும் மாணவர்கள் இருவரைக் கூட்டி இந்த மாதமே இதைத் தொடங்குங்கள். 'பறையன்' தொகுப்பைத் தேடி இன்று நாம் அலைவதுபோல, நம் அறிக்கைகளைத் தேடி அடுத்த தலைமுறை அலையக் கூடாது.