குடிமல்லத்து ஈசனும் கதை இழந்த கெல்டிக் தெய்வமும்

திருப்பதி சென்று பெருமாளைச் சேவித்துவிட்டுக் காளஹஸ்திக்கும் போய் வரும் நம் அங்கத்தினர்கள் பலர். அந்த வழியில் சற்று விலகி, ஏர்ப்பேடு மண்டலத்தில் உள்ள குடிமல்லம் ஸ்ரீ பரசுராமேஸ்வரரைத் தரிசித்தவர்கள் குறைவு. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

மூலவர் சுமார் 5 அடி உயர லிங்கம். அதன் முன்புறத்தில் சிவபெருமான் நின்ற திருக்கோலம். இரண்டே கரங்கள். வலக்கரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஆடு, இடக்கரத்தில் சிறு கலசம், தோளில் பரசு. காலடியில் ஒரு குள்ள உருவம். மார்பில் பூணூல் இல்லை! தரிசித்தபோது என்னை யோசிக்க வைத்தது இதுதான். பிற்கால ஆகம லக்ஷணங்களுக்கு முந்திய, வேடனைப் போன்ற ஈசன் இவர். டி.ஏ. கோபிநாத ராவ் 1916-ல் வெளியான தம் சிற்ப நூலில் இவரை விவரித்துள்ளார். கி.மு. 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலரின் கருத்து.

ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவின் கெல்டிக் மக்களும் விலங்குகளுக்கு அதிபதியான ஒரு தெய்வத்தை வணங்கினர். தலையில் மான்கொம்பு உண்டு. 1891-ல் டென்மார்க்கில் கிடைத்த வெள்ளிக் கொப்பரையில், சம்மணமிட்டு அமர்ந்திருப்பவர் இவரே என்பர். பாரிஸ் நோத்ர தாம் ஆலயத்தின் அடியில் 1710-ல் கிடைத்த தூணில் ‘கெர்னுன்னோஸ்’ என்று பெயரும் பொறித்திருக்கிறது. ஆனால் அவருடைய கதையோ, வழிபாட்டு முறையோ ஒருவருக்கும் தெரியாது.

காரணம் என்ன? அவர்களுடைய குருமார்களான ட்ரூயிடுகள் சாஸ்திரங்களை எழுதி வைக்கவில்லை. சிஷ்யர்கள் 20 வருஷம் வரை வாய்ப்பாடமாகவே கற்றார்கள் என்று ஜூலியஸ் சீசர் குறித்திருக்கிறார். நம் வேத அத்யயனம் போலத்தான். ரோமானிய ஆட்சி ட்ரூயிடுகளை ஒடுக்கியதும் பரம்பரை அறுந்தது. அயர்லாந்தில், பிற்காலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் எழுதி வைத்ததால் பழைய தெய்வக் கதைகள் சில மிஞ்சின.

குடிமல்லத்தில் அப்படி நேரவில்லை. பல்லவர், பாணர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் கோயிலுக்கு அளித்த தானங்களைச் சொல்கின்றன. வேடன் உருவில் நின்றவரை ஒவ்வொரு தலைமுறையும் தன் ஈசனாகவே ஏற்றுக்கொண்டது.

இன்று நாம் பல ஊர்களில் சிதறி வாழ்கிறோம். நம் பூர்வீக கிராமத்துக் கோயிலின் ஸ்தல வரலாற்றையும் உற்சவ முறைகளையும், சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். அத்யயனம் செய்யும் குழந்தைகளுக்கும் நம்மாலான உதவியைச் செய்வோம்.