கை நடுங்கவில்லை என்றாலும் பார்கின்சன் இருக்கலாம்... அறிகுறிகள் என்ன? சிகிச்சை என்ன?

முடிச்சூர் மெயின் ரோட்டில் காலையில் வாக்கிங் போகும் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். இடது கை வீசுகிறது. வலது கை மட்டும் உடம்போடு ஒட்டியே இருக்கிறது. சட்டை பட்டன் போடவே பத்து நிமிஷம் ஆகிறது. பேங்கில் கையெழுத்து பொருந்தவில்லை என்கிறார்கள். கை நடுக்கம் கிடையாது. "அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பல வீடுகளில் சிகிச்சை தள்ளிப்போவது இந்த ஒரு வார்த்தையால்தான்.

பார்கின்சன் என்றால் என்ன?

உடல் அசைவுகள் சீராக இருக்க மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் தேவை. அதைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருவதே பார்கின்சன் நோய். தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் இதை விரிவாக எழுதியதால் இந்தப் பெயர். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். 50-க்கு முன்பே வருவதும் உண்டு. இது தொற்றுநோய் அல்ல.

எதைக் கவனிக்க வேண்டும்?

* கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லை.
* எல்லா வேலையிலும் மந்தம், தசை இறுக்கம், சின்னச் சின்ன அடியாக நடப்பது.
* எழுத்து சிறிதாவது, குரல் தணிவது, முகத்தில் உணர்ச்சி குறைவது.
* வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கை கால் உதைப்பது. இவை பல ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கலாம்.

டீ டம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை நடுங்கினால் அது வேறு வகை நடுக்கமாகவும் இருக்கலாம். சில மருந்துகளாலும் இதே அறிகுறிகள் வரும். அதனால் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். நரம்பியல் மருத்துவர் நேரில் பரிசோதித்துத்தான் நோயை உறுதி செய்வார். ஸ்கேன் பெரும்பாலும் வேறு நோய் இல்லை என்று பார்ப்பதற்கே.

சிகிச்சை இருக்கிறதா?

நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அறிகுறிகளை நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். முக்கிய மருந்து லெவோடோபா; மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். பூனைக்காலி விதையில் இந்தப் பொருள் இருப்பதை 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினர். அதற்காக பூனைக்காலி சூரணத்தை நாமாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதில் மருந்தின் அளவு ஒரே மாதிரி இருக்காது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும். சித்த மருந்து எடுப்பவர்கள் அதை நரம்பியல் டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளில் மாத்திரையின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும்; சிலருக்கு உடம்பு தானாக நெளியும். அப்படிப்பட்ட சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தும் டிபிஎஸ் அறுவை சிகிச்சை உதவும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து. வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் மாத்திரை நேரத்தை நர்ஸிடம் சொல்லுங்கள்.
* லெவோடோபாவை பாலோடு கொடுக்க வேண்டாம். புரதம் மருந்தின் வேலையைக் குறைக்கலாம். பொதுவாக சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு நல்லது. குமட்டல் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.
* தினமும் நடை, பிசியோதெரபி அவசியம்.
* பாத்ரூமில் கைப்பிடி வையுங்கள், தரை ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே விழுவதுதான் பெரிய ஆபத்து.

எங்கே போகலாம்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே நரம்பியல் பிரிவு உள்ளது. போகும்போது பெரியவர் நடப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்; பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் கொண்டுபோங்கள். வீட்டில் தெரிந்த மாற்றத்தை டாக்டருக்கு அவை எளிதாகப் புரியவைக்கும்.