ஏற்புத் தொகையும் முன்வெளிப்பாடும்: ரசிகர் கலைக்களஞ்சியங்களில் நூலும் திரைப்படமும்

1. முன்னுரை

ஒரு கதை நூலிலிருந்து திரைக்குச் செல்லும்போது சில பாத்திரங்கள் மறைகின்றன. சில புதிதாகத் தோன்றுகின்றன. ஒருவர் செய்த செயல் மற்றொருவர் செய்ததாகிறது. இவ்வாறு ஒரே பெயரில் வழங்கும் இரு கதைகளை ஒரே தலைப்பின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் ரசிகர் கலைக்களஞ்சியங்களுக்கு ஏற்பட்டது. எந்த வடிவத்தை உண்மையெனக் கொள்வது என்பது முதல் வினா. கதையை இன்னும் அறியாதவர்க்கு எவ்வளவு கூறுவது என்பது இரண்டாம் வினா. இவ்விரு வினாக்களுக்கும் அக்களஞ்சியங்கள் கண்ட விடைகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொற்களின் வரலாறு

ஏற்கப்பட்ட பனுவல்களின் தொகுதியைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'கேனன்' என்னும் சொல், அளவுகோலாகப் பயன்பட்ட நாணற்கோலைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தமிழில் 'நூல்' என்னும் சொல்லுக்கும் இத்தகைய விளக்கம் உண்டு. மரத்தின் கோணலைக் காட்டும் தச்சரின் நூலோடு கல்வி நூலை நன்னூல் ஒப்பிடுகிறது. அளக்கும் கருவியே ஏற்கத்தக்க பனுவலுக்குப் பெயராவது இரு மரபுகளுக்கும் பொதுவாதல் கருதத்தக்கது.

கி.பி. 367இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுசு புதிய ஏற்பாட்டின் 27 நூல்களைப் பட்டியலிட்டார். மறைநூல் ஆய்வின் முறைகளை 1911இல் ரொனால்ட் நாக்ஸ் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளுக்குப் பகடியாகப் பொருத்திக் காட்டினார். சமயத் துறைக்குரிய இச்சொல் புனைகதை வாசகரிடம் பரவியது அதன் வழியே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரையில் இது 'ஏற்புத் தொகை' எனப்படும்.

'ஸ்பாய்லர்' என்பது 'கெடுப்பது' என்னும் பொருளுடைய பழைய சொல். கதை முடிவை முன்னரே சொல்லிச் சுவையைக் கெடுத்தல் என்னும் பொருளில் 1971இல் அமெரிக்க நகைச்சுவை இதழான 'நேஷனல் லம்பூன்' வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் அது இடம்பெற்றது. இங்கு அது 'முன்வெளிப்பாடு' எனப்படும்.

3. ஏற்புத் தொகையை வரையறுத்தல்

விரைவு என்னும் பொருளுடைய ஹவாய்ச் சொல்லான 'விக்கி'யைப் பெயராகக் கொண்ட மென்பொருளை 1995இல் வார்டு கன்னிங்காம் உருவாக்கினார். 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியது. 2003இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு 'மெமரி ஆல்ஃபா'வும், 2005இல் 'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்கு 'வூக்கிப்பீடியா'வும் தோன்றின. இவற்றின் நடைமுறையில் மூன்று தீர்வுகளைக் காணலாம்.

முதலாவது விலக்கல். மெமரி ஆல்ஃபா தொலைக்காட்சித் தொடர்களையும் திரைப்படங்களையுமே அடிப்படைச் சான்றுகளாகக் கொள்கிறது. உரிமம் பெற்று வெளிவந்த நாவல்களின் கதைச் செய்திகளுக்கு 'மெமரி பீட்டா' என்னும் வேறொரு களஞ்சியம் உள்ளது.

இரண்டாவது படிநிலைப்படுத்தல். ஹாரி பாட்டர் களஞ்சியத்தில் ஆசிரியரின் நூல்கள் மேல்படியில் உள்ளன. அவற்றோடு முரண்படாதவரை திரைப்படச் செய்திகளும் ஏற்கப்படுகின்றன. நூலில் ஹாரியின் கண்கள் பச்சை. படங்களில் அவ்வேடமேற்ற நடிகரின் கண்கள் நீலம். இத்தகைய இடங்களில் நூலின் கூற்றே நிலைபெறும். டோல்கீன் படைப்புகளுக்கான 'டோல்கீன் கேட்வே' இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்குகிறது. காயமுற்ற ஃப்ரோடோவைத் தன் குதிரையில் ஏற்றி அனுப்புபவன் நூலில் குளோர்ஃபிண்டெல். 2001இல் வெளிவந்த படத்தில் அவனைக் குதிரையில் கொண்டு செல்பவள் ஆர்வென். படத்தின் செய்தி பாத்திர வரலாற்றில் கலவாமல் தழுவல்களைப் பற்றிய தனிப்பகுதியில் வைக்கப்படுகிறது.

மூன்றாவது இரட்டைப் பதிவு. ஸ்டார் வார்ஸில் திரைப்படமே மூலம். நாவல்கள் அதன் வழிவந்தவை. 1999இல் வெளியான 'வெக்டர் பிரைம்' நாவலில் சூபாக்கா என்னும் பாத்திரம் இறந்துவிடுகிறது. 2012இல் டிஸ்னி, லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தை வாங்கியது. அதுவரை வெளிவந்த நாவல்களும் படக்கதைகளும் இனி 'லெஜண்ட்ஸ்' என்னும் பெயரில் தனித்து வழங்கும் என 2014 ஏப்ரல் 25 அன்று நிறுவனம் அறிவித்தது. 2015ஆம் ஆண்டுப் படத்தில் சூபாக்கா உயிரோடு தோன்றுகிறது. நாவல்களைப் பற்றிப் பல்லாண்டுகள் எழுதப்பட்ட கட்டுரைகளை வூக்கிப்பீடியா அழிக்கவில்லை. ஒரே பாத்திரத்திற்கு இரு பக்கங்கள் அமைந்தன. பழைய வரலாறு தலைப்பில் 'லெஜண்ட்ஸ்' என்னும் ஒட்டுடன் காக்கப்படுகிறது. எது அதிகாரபூர்வமானது என்று கூறும் உரிமையை நிறுவனத்திற்கு விட்டுக்கொடுத்த வாசகர்கள், எது நினைவில் நிற்க வேண்டும் என்னும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுக்கிறது. மொழிபெயர்ப்பையும் வழிநூலின் ஒரு வகையாக வைக்கிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகிறது. களஞ்சியங்களின் படிநிலையை இப்பகுப்பால் விளக்க இயலும். எனினும் தமிழ் இலக்கண மரபில் எது முதல் என்பது நிலையானது. ஸ்டார் வார்ஸிலோ உரிமையாளரின் ஓர் அறிவிப்பால் வழிநூல்கள் தம் இடத்தை இழந்தன.

4. காலக்கிளவியும் சான்றும்

மெமரி ஆல்ஃபாவும் வூக்கிப்பீடியாவும் கதையுலகின் உள்ளிருந்து எழுதுபவை. பாத்திரங்களின் வாழ்வை அவை இறந்தகாலத்தில் வரலாறு போலக் கூறுகின்றன. ஆங்கில விக்கிப்பீடியா கதைச் சுருக்கத்தை நிகழ்காலத்தில் எழுதுகிறது. கதை ஒரு படைப்பு என்பதை அதன் வினைவடிவமே நினைவூட்டுகிறது. உள்ளிருந்து எழுதும் நடையில் இச்செய்தி நூலினது, இது படத்தினது என்று வாக்கியத்திற்குள் கூற வழியில்லை. அதனாலேயே 'பின்னணி' போன்ற தனிப்பகுதிகள் தேவைப்படுகின்றன.

தமிழில் பிறர்கூற்றைக் குறிக்க '-ஆம்' என்னும் இடைச்சொல் உண்டு. 'இறந்தான்' என்பதற்கும் 'இறந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு சான்று பற்றியதே. ஆயினும் கலைக்களஞ்சிய நடை அதனை ஏற்பதில்லை. எனவே தமிழிலும் 'நூலின்படி', 'படத்தில்' என்னும் வெளிப்படையான தொடர்களே பயன்படும்.

5. முன்வெளிப்பாடு

1960இல் 'சைக்கோ' வெளியானபோது படம் தொடங்கிய பின் வருவோரை அரங்கினுள் விடலாகாது என்று ஹிட்ச்காக் வற்புறுத்தினார். 1952 முதல் லண்டனில் நடிக்கப்படும் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகத்தின் இறுதியில், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்ல வேண்டாம் எனப் பார்வையாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். அரங்கில் செல்லும் இவ்வேண்டுகோள் களஞ்சியத்தில் செல்லாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் முன்பு வழங்கிய எச்சரிக்கைக் குறிப்புகள் 2007இல் கைவிடப்பட்டன. முன்வெளிப்பாடு என்னும் காரணத்திற்காக மட்டும் ஒரு செய்தியை நீக்குவது கூடாது என்பது அதன் நெறி. அந்நாடகத்தின் முடிவு அங்கு வெளியிடப்பட்டிருப்பது குறித்து 2010இல் கிறிஸ்டியின் குடும்பத்தார் வருத்தம் தெரிவித்தும் அது நீக்கப்படவில்லை.

தழுவல்களில் இச்சிக்கல் திசை மாறவும் கூடும். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ஐந்து நாவல்கள் 1996 முதல் 2011 வரை வெளிவந்தன. 2011இல் அவற்றின் தொலைக்காட்சி வடிவம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் நூலறிந்தோரால் பார்வையாளரின் சுவை கெட வாய்ப்பிருந்தது. 2016இல் தொடர் நூல்களைக் கடந்து சென்றதும், ஆறாம் நூலுக்குக் காத்திருந்த வாசகர்க்கே பார்வையாளரிடமிருந்து காப்புத் தேவைப்பட்டது. நூலையும் தொடரையும் தனித்தனிக் களஞ்சியங்களாகப் பேணியது இருவர்க்கும் பயன்பட்டது.

6. மொழிபெயர்ப்பாளரின் நிலை

இவ்விரு சிக்கல்களும் ஒருங்கே சேரும் இடம் மொழிபெயர்ப்பு. 2005இல் வெளிவந்த ஆறாம் ஹாரி பாட்டர் நூலின் இறுதியில் 'ஆர்.ஏ.பி.' என்னும் தலைப்பெழுத்துகளோடு ஒரு குறிப்பு கிடைக்கிறது. எழுதியவர் யார் என்பது 2007இல் வந்த ஏழாம் நூலில்தான் உறுதியாகிறது. கருமையைக் குறிக்கும் 'பிளாக்' என்னும் குடும்பப் பெயரை முன்னைய பாகங்களிலேயே டச்சு மொழிபெயர்ப்பு 'ஸ்வார்ட்ஸ்' எனவும், நார்வே மொழிபெயர்ப்பு 'ஸ்வார்ட்' எனவும் பெயர்த்திருந்தன. எனவே தலைப்பெழுத்துகளின் ஈற்றெழுத்து டச்சில் 'இசட்' ஆகவும் நார்வே மொழியில் 'எஸ்' ஆகவும் மாறியது. இவற்றை ஒப்பிட்ட வாசகர்கள் ஏழாம் நூல் வருமுன்பே மறைபொருளைக் கண்டறிந்தனர்.

களஞ்சியத்தில் எச்சரிக்கைக் குறிப்பு இடலாம். செய்தியைத் தனிப்பகுதிக்கு மாற்றலாம். மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வழிகள் இல்லை. ஆங்கில எழுத்தையே வைத்திருந்தால் அவர்தம் மொழியில் குறிப்பு பொருளற்றதாகும். மாற்றினால் முடிவு வெளிப்படும். பெயரை முதலில் பெயர்த்த நாளில் அதன் விளைவை அவரால் அறிந்திருக்கவும் இயலாது.

7. முடிவுரை

ஏற்புத் தொகையை வரையறுப்பதில் விலக்கல், படிநிலை, இரட்டைப் பதிவு ஆகிய மூன்றையும் ரசிகர் களஞ்சியங்கள் கையாண்டுள்ளன. இவற்றுள் மூன்றாவதே, ஒதுக்கப்பட்ட வடிவத்தையும் அதன் பெயரோடு காத்து, பிற்கால ஆய்வுக்குச் சான்றாக்குகிறது. முன்வெளிப்பாட்டைப் பொறுத்தவரை, மறைப்பதைவிட எச்செய்தி எவ்வடிவத்தினது எனப் பிரித்துக் காட்டுவதே அவற்றின் நிலைத்த பங்களிப்பு எனலாம். முற்றுப்பெறாத தொடர்நூலைப் பெயர்ப்போர் பெயர்ச்சொற்களைக் கையாளும்போது, இன்னும் எழுதப்படாத பாகமும் மூலத்தின் ஒரு பகுதியே என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.